ஆராய்ச்சி மணி

தமிழில் 'ஆராய்ச்சி' என்ற சொல்லுக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. இன்று அது பல்கலைக்கழகத்துக்கு உரிய சொல். முன்பு அது அரண்மனை வாயிலில் தொங்கியது. கன்றை இழந்த பசு அசைத்த மணிக்கு ஆராய்ச்சி மணி என்றே பெயர். பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் வரும் அந்தக் கதையை மேடைதோறும் சொல்லிக் கைதட்டு வாங்காத தமிழாசிரியர் நம்மிடையே குறைவு. முறையீட்டை விசாரித்தல் என்பது அங்கே அச்சொல்லின் பொருள். அந்தப் பழைய பொருளை இன்றைய ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுசெல்ல முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஆய்வுக்கூட விலங்குகளுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. அதன் தொடக்கத்தில் ஒரு தமிழ்நாட்டுப் பெண்மணி நிற்கிறார். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகவே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. பரதநாட்டியத்துக்கு அவர் செய்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். இதைப் பற்றி எழுதியது சொற்பம்.

அச்சட்டத்தின் 17ஆம் பிரிவைத் தமிழ் படித்தவர்கள் ஒருமுறையேனும் வாசிக்க வேண்டும். வலியை உணராதபடி இயன்றவரை மயக்கமருந்து தரவேண்டும், சிறிய விலங்கில் முடிவதற்குப் பெரிய விலங்கைத் தொடலாகாது, கைப்பழக்கம் பெறுவதற்காக மட்டும் சோதனை செய்யக்கூடாது, சோதனைக்கு முன்னும் பின்னும் முறையாகப் பராமரிக்க வேண்டும், பதிவேடு வேண்டும். கல்லூரிகளில் புத்தகமோ மாதிரி உருவமோ திரைப்படமோ போதுமென்றால் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்றும் அது கூறுகிறது.

இது 1960இல் எழுதப்பட்டது. ஆனால் என் தலைமுறையில் விலங்கியல் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மெழுகுத் தட்டில் தவளையை மல்லாத்திக் கால்களில் குண்டூசி குத்திய நினைவு இல்லாதவர் அரிது. எங்கள் வாசுதேவநல்லூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் மழைக்காலத்தில் கத்திய தவளைக்கும் அந்தத் தட்டுக்கும் இடையில் ஒரு சட்டம் இருந்தது என்பது மாணவருக்குத் தெரியாது. பல்கலைக்கழக மானியக் குழு படிப்படியாகக் குறைக்கச் சொன்னது 2011இல். விலங்கியல் பாடத்தில் அறுவைப் பயிற்சியை அறவே நிறுத்தச் சொன்னது 2014இல். 'புத்தகம் போதுமென்றால் தவிர்' என்ற ஒரு வரி வகுப்பறைக்கு வந்துசேர ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. விதி எழுதப்படுவது வேறு, விதி போய்ச் சேருவது வேறு.

இன்று ஆய்வுக்கூடங்களில் நடப்பதும் இந்தச் சேராமைதான் என்று எண்ணுகிறேன். 1998ஆம் ஆண்டு விதிகளின்படி, விலங்குகளைக் கொண்டு ஆய்வு செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் பதிவு செய்துகொள்ள வேண்டும். நிறுவன அளவில் விலங்கு நெறிமுறைக் குழு ஒன்று வேண்டும். மேலே ஒரு மத்தியக் குழு உண்டு. நெடுங்காலம் சிபிசிஎஸ்இஏ என்றறியப்பட்ட அது இன்று சிசிஎஸ்இஏ. நிறுவனக் குழுவில் யார் யார்? உயிரியல் அறிஞர் ஒருவர், வேறு துறைகளின் விஞ்ஞானிகள் இருவர், கால்நடை மருத்துவர், விலங்குக்கூடத்துக்குப் பொறுப்பான விஞ்ஞானி, வெளிநிறுவன விஞ்ஞானி, மத்தியக் குழுவின் பிரதிநிதி, விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறை கொண்ட ஒருவர். ஆக எண்மர்.

இந்த எண்மரில் ஒருவரும் எலியின் கூண்டைக் கழுவுபவர் அல்லர்.

உமி மாற்றுபவர், தண்ணீர்ப் புட்டியை நிரப்புபவர், ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியன்றும் வந்து தீவனம் வைப்பவர் அனிமல் ஹவுஸ் அட்டெண்டர் என்று அழைக்கப்படும் பராமரிப்பாளர். ஒரு எலி முதுகைக் கூனிக்கொண்டு, மயிர் சிலிர்த்து, கண்ணோரம் செந்நிறக் கசிவோடு மூலையில் ஒடுங்குவதை முதலில் காண்பவர் அவர். அறையின் வெப்பம் 18 முதல் 29 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்கின்றன வழிகாட்டுதல்கள். நம் தென்கோடி மாவட்டங்களின் சித்திரை வெயிலில் மின்சாரம் போனால் அந்த எண் என்னவாகும் என்பதை உடம்பால் அறிபவரும் அவர். ஆனால் அவர் கையாள வேண்டிய விதிகளும் படிவங்களும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பராமரிப்பாளருக்குப் பயிற்சி வேண்டும் என்று சொல்லும் ஆவணமே அவர் வாசிக்க இயலாத மொழியில் இருப்பது என்ன முறை?

இதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, சொல். ஆங்கில ஆய்வேடுகளில் எலிகள் கொல்லப்படுவதில்லை, 'சேக்ரிஃபைஸ்' செய்யப்படுகின்றன. தமிழில் சொன்னால், பலியிடப்படுகின்றன. எங்கள் பக்கத்துக் கொடைகளில் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடலைச் சிலிர்த்துக் குலுக்கும்வரை காத்திருப்பார்கள். சம்மதம் கேட்டதாக ஒரு பாவனை. ஆனால் கேட்கவேண்டும் என்ற உணர்வாவது அங்கே மிஞ்சியிருக்கிறது. ஆய்வேட்டின் பலியில் அதுவும் இல்லை. 'கொன்றோம், இன்ன காரணத்துக்காக, இத்தனை எண்ணிக்கையில், இன்ன முறையில்' என்று எழுத நேர்ந்தால், எழுதும் கை ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கமே நெறிமுறையின் தொடக்கம்.

இரண்டாவது, நாற்காலி. விஞ்ஞானி அல்லாத உறுப்பினரின் நாற்காலி சம்பிரதாயத்துக்காகப் போடப்பட்டதன்று. அதில் அமர்பவர் மருந்தின் அளவைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. சாதாரண மனிதரின் கேள்விகளைக் கேட்டால் போதும். ஏன் நாற்பது எலிகள், ஏன் இருபது போதாது? விடுமுறையில் யார் பார்ப்பார்? பராமரிப்பாளர் என்ன சொன்னார்? தமிழ் படித்தோரும் அந்த நாற்காலிக்கு முன்வர வேண்டும்.

விலங்குச் சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வயல்களில் வேலை செய்வோருக்குப் பாம்புக்கடி கதையல்ல, அன்றாட அச்சம். மருத்துவமனையில் ஏற்றப்படும் நச்சுமுறிவு மருந்து, சிறிது சிறிதாக நஞ்சு செலுத்தப்பட்ட குதிரைகளின் இரத்தத்திலிருந்து வருகிறது. அந்த மருந்தால் பிழைத்த ஊர்க்காரனிடம் போய்க் கொல்லாமை அதிகாரத்தை மட்டும் ஓதிவிட்டு வரமுடியாது. கடன் பட்டிருக்கிறோம், கடன்பட்டவன் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்பதே என் வாதம். 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் முன்வைத்த மூன்று நெறிகளும் இதையே சொல்கின்றன: மாற்று இருந்தால் மாற்று, இல்லையேல் எண்ணிக்கையைக் குறை, அதுவும் இயலாவிடில் வலியைக் குறை.

ஊழியர் தம் பேராசிரியருக்கு எதிராக வாய்திறப்பாரா என்பது நியாயமான ஐயம். அதற்காகத்தான் தனிப்பேச்சை நம்பாமல் விதியை நம்பவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு நெறிமுறை, விலங்குகளின் பராமரிப்புக்குப் பொறுப்பானவரை நிறுவனத்தின் விலங்குநலக் குழுவில் கட்டாய உறுப்பினராக்கியிருக்கிறது. நாமும் அதைச் செய்யலாம். அதுவரை, பராமரிப்பாளர் தமிழில் எழுதும் நாட்குறிப்பேடு ஒன்று இருக்கட்டும். ஒவ்வொரு கூட்டமும் அதை வாசித்த பிறகே புதிய ஆய்வுகளுக்கு அனுமதி தரட்டும். இதனால் ஆய்வு தடைப்படும் என்போருக்கு ஒன்று: அஞ்சி நடுங்கும் எலியின் உடலில் சுரப்புகள் மாறுகின்றன, அதிலிருந்து எடுக்கும் முடிவும் பிறழும். கருணையை விரும்பாதவர் துல்லியத்துக்காகவேனும் இதை ஏற்கலாம்.

இதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. 17ஆம் பிரிவையும் பராமரிப்பு விதிகளையும் எளிய தமிழில் நான்கு பக்கத்துக்குள் எழுதி, ஒவ்வொரு பல்கலைக்கழக விலங்குக்கூடத்தின் வாயிலிலும் ஒட்டவேண்டும். அதை எழுதும் பணி தமிழ்த்துறையினுடையது. மணி கட்டுவது அரசனின் வேலை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு இனியும் வழியில்லை.