சக்கரத்தின் அளவு

சுங்காய் வட்டாரத் தோட்டப்புறங்களில் எலி என்றால் பகை என்றே பொருள். செம்பனைப் பழங்களைக் கொறிக்கும் எலிகளை ஒழிக்க, மலேசியத் தோட்டங்களில் கூகைகளுக்குக் கம்பத்தின்மேல் பெட்டிக் கூடு வைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அத்தகைய தோட்டங்களில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று எலியையும் வெள்ளெலியையும் பெயரிட்டுக் கொஞ்சுகின்றனர். பாட்டிமார் முகம் சுளித்தாலும் அதில் தவறில்லை. ஆனால், கூண்டுக்குள் எத்தகைய சக்கரத்தை வைக்கின்றனர் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

கூண்டில் அடைபட்ட சலிப்பால்தான் எலி சக்கரத்தில் ஓடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் திறந்தவெளியில் சக்கரங்களை வைத்துக் கண்காணித்தனர். கட்டாயப்படுத்த எவருமின்றி, காட்டுச் சுண்டெலிகள் தாமாகவே வந்து அவற்றில் ஏறி ஓடின. அந்த ஆய்வு 2014ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆகவே, சக்கரம் கூண்டுக்கு அலங்காரமன்று. ஓடுவது அந்த உயிரின் இயல்பு.

தவறான சக்கரமோ அந்த இயல்பையே துன்பமாக்கிவிடும். கூண்டோடு சேர்த்து விற்கப்படும் சக்கரங்கள் பெரும்பாலும் மிகச் சிறியவை. அவற்றில் ஓடும் எலியின் முதுகு பின்புறமாக வளைகிறது. இரவுதோறும் அப்படியே ஓடினால் முதுகெலும்பு என்னவாகும்? வளர்ந்த எலிக்குக் குறைந்தது 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் தேவை. சிரியா வெள்ளெலிக்கு 28 சென்டிமீட்டர் நல்லது. குள்ள வெள்ளெலிக்கு 20 போதும். ஓடும்போது முதுகு நேராக இருந்தால் அளவு சரி. ஓடுதளமும் முக்கியம். கம்பிச் சட்டங்களின் இடைவெளியில் கால் சிக்கி முறியலாம், பாதம் புண்ணாகலாம். வழவழப்பான, இடைவெளியில்லாத தளமே பாதுகாப்பானது. கினிப் பன்றிக்கோ எந்தச் சக்கரமும் ஆகாது. அதன் முதுகு அதற்கு ஏற்றதன்று. காற்றோட்டம் குறைந்த நெகிழி உருண்டைக்குள் விலங்கை அடைத்து உருளவிடுவது, நம் நாட்டு வெயிலில் வதையேயாகும்.

பெரிய சக்கரம் விலை அதிகம், கூண்டில் இடமில்லை என்பது பலர் கூறும் காரணம். விலை உண்மைதான். ஆனால், இடமில்லாத கூண்டை வாங்கியது எலியன்று. விலங்கு தன் இயல்பான நடத்தையை வெளிப்படுத்த உரிமையாளர் வழிசெய்ய வேண்டும் என்று மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமே கூறுகிறது. பெரிய கூண்டுக்கு வசதியில்லாதவர் அது அமையும்வரை எலி வாங்குவதைத் தள்ளிப்போடுவதே முறை.

இரவில் கிறீச்சிடுகிறது என்று சக்கரத்தைக் கழற்றி வைப்போரும் உள்ளனர். எலி விழித்து ஓடும் வேளையே அதுதான். அச்சில் ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் விட்டால் சத்தம் அடங்கிவிடும்.