"இதுகூடத் தெரியாதா?"

முதலாண்டில் ஒருநாள் லேபில் நான் எழுதிய புரோகிராம் ஓடவில்லை. பக்கத்தில் இருந்த சீனியரிடம் கேட்டேன். "இதுகூடத் தெரியாமலா டிப்ளமோ படிக்க வந்த?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த செமஸ்டர் முழுக்க நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் கேட்கலாமென்றால், எங்கப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அரியர் வைத்த கதை இங்கே வேண்டாம்!

நண்பர்களே, இந்தச் சிரிப்பு நம்ம லேபோடு முடிகிற விஷயமில்லை. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது லினக்ஸ். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஹெல்சிங்கி மாணவர் தொடங்கியது. இன்று பல நாட்டினர், ஒருவர் முகம் ஒருவர் பாராமலே, இணையம் வழியாக அதைச் சேர்ந்து எழுதுகிறார்கள். நிரலில் தப்பு இருந்தால் டோர்வால்ட்ஸ் கடுமையாகத் திட்டுவார். நிரலை மட்டுமல்ல, எழுதியவரையும். 2015-ல் சிறிதாக ஒரு விதிமுறை வைத்தார்கள். ஏச்சு நிற்கவில்லை. 2018 செப்டம்பரில் அவரே மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். அப்போதுதான் விரிவான நடத்தை விதிகள் வந்தன. புகார் கேட்க ஒரு குழுவும் இருக்கிறது.

"இப்படியெல்லாம் பார்த்தால் தரம் போய்விடும்" என்று எதிர்த்தவர்களும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. சரியில்லாத நிரலை இன்றும் திருப்பித்தான் அனுப்புகிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்கிறோம். அளவு தப்பினால் ஜாப் ரிஜெக்ட். அதற்கு, ஜாப் செய்தவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்க வேண்டியதில்லையே!

திட்டு வாங்கினால்தான் தொழில் வரும் என்பார் மெக்கானிக்கான என் மாமா. ஆனால் அவர் திட்டிய கையோடு ஸ்பேனரைப் பிடித்துக் காட்டுவார், சாயங்காலம் டீயும் வாங்கித் தருவார். முகம் தெரியாத ஒருவர் எழுத்தில் திட்டினால் டீ எங்கே வரும்? அந்த எழுத்து மட்டும்தான் மிஞ்சும். வசதியுள்ள பையன் வேறு இடத்தில் கேட்டுக்கொள்வான். கேட்க ஆளில்லாதவன் சத்தமில்லாமல் விலகிவிடுவான். போனவனை யாரும் எண்ணிப் பார்ப்பதுமில்லை.

நம் பிராஜெக்ட் குழுக்களுக்கும் ஒரு தாள் போதும். கேள்வி கேட்டவரைக் கேலி செய்யக்கூடாது. செய்தால் யாரிடம் சொல்வது என்ற பெயரும் அதிலேயே இருக்க வேண்டும். அந்தப் பெயர் இல்லாவிட்டால் அது வெறும் சுவரொட்டிதான். பேரவைச் செயலாளரிடம் மனு எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்பும் முதலாண்டு நண்பர்கள் மதிய இடைவேளையில் லேப் வாசலில் என்னைப் பார்க்கலாம்.