பழைய படகு மோட்டாரும் புதிய வேகமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஏரிகள் மிகுந்த விஸ்கான்ஸின் முதலிய பிரதேசங்களிலே, பாட்டனார் காலத்துப் படகு மோட்டாரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்துத் துடைத்து ஓட்டிப் பார்ப்பதில் பேரானந்தம் கொள்வோர் அநேகர் உண்டு. படகின் பின்பலகையில் திருகி மாட்டி, வேண்டாதபோது கழற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடிய இவ்வகை யந்திரத்திற்கு அவுட்போர்டு மோட்டார் என்று பெயர். பழைய மோட்டாரைப் பாதுகாப்பதற்கென்றே 1965-ம் வருஷத்தில் அங்கு ஒரு சங்கமும் ஏற்பட்டது. ஆனால் பழையதை ஓட்டிப் பார்த்தவர்களில் பலருக்கு, ஓடினால் போதும் என்றிருந்த மனம் மாறி, இன்னும் கொஞ்சம் வேகமாய்ப் போகலாகாதா என்ற ஆசை பிறந்துவிடுகிறது. உடனே அரத்தையும் கடைசல் பட்டறையையும் நாடுகிறார்கள். படகு மோட்டாருக்கும் தலையங்கத்திற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். முன்னோர் விட்டுச் சென்ற பொருளின் மேல் அதை இன்று கையில் வைத்திருப்பவனுக்கு எவ்வளவு அதிகாரம் என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. அக்கேள்வி எல்லாத் தேசத்தாருக்கும் பொதுவானது.

நார்வேயில் பிறந்து, சிறு பிராயத்திலேயே விஸ்கான்ஸினில் குடியேறியவர் ஓலே எவின்ரூட். தம் மனத்திற்கிசைந்த பெண்மணிக்காக ஏரியின் அக்கரையிலிருந்து ஐஸ்கிரீம் வாங்கித் துடுப்பு வலித்து வருவதற்குள் அது உருகிப் போயிற்றென்றும், அந்த ஏமாற்றத்திலேதான் மோட்டார் யோசனை உதித்ததென்றும் ஒரு கதை வழங்கி வருகிறது. கதை எப்படியாயினும், 1909-ல் அவர் விற்பனைக்குக் கொண்டு வந்த மோட்டார் ஒன்றரைக் குதிரைச் சக்தியும் 62 ராத்தல் எடையும் உடையது. பின்பு 1920-களின் தொடக்கத்தில், அலுமினியத்தைத் தாராளமாய் உபயோகித்து இலகுவான இரட்டைச் சிலிண்டர் மோட்டார் ஒன்றையும் அவர் வெளியிட்டார். அதிக சக்தி வேண்டுமென்று கருதியபோது அவர் பழையதை அரத்தால் ராவவில்லை; புதிதாக ஒன்றைச் செய்தார். இது கவனிக்கத்தக்கது. அவர் பெயர் தாங்கிய மோட்டார்களின் உற்பத்தி 2020-ம் வருஷத்தில் நின்றுபோயிற்று. செய்தவரும் இல்லை, செய்த தொழிற்சாலையும் இல்லை. இனி அந்த யந்திரங்களுக்குக் காவலர், அவற்றை வைத்திருப்பவர் தவிர வேறெவர்?

வேகம் போதவில்லை என்று ஒருவர் முறையிடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. செய்த காலத்தில் இருந்த வேகமாவது இப்போது இருக்கிறதா? பெரும்பாலும் இராது. 1950-களில் செய்த மோட்டார்களின் காந்தப் பெட்டியிலுள்ள கம்பிச்சுருள்களின் மேலுறை வெடித்துப்போவது சர்வ சாதாரணம். வெடித்தால் தீப்பொறி பலவீனப்படும். பாயிண்டுகளில் பச்சை பூத்திருக்கும். பல மோட்டார்களில் அவற்றிற்கு வைத்திருக்க வேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு. பிஸ்டன் வளையங்கள் கரியில் ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கும். கார்புரேட்டரின் மிதவை தக்கையினால் ஆகி அரக்குப் பூசப் பெற்றது; இக்காலத்துப் பெட்ரோலில் கலந்திருக்கும் சாராயச் சத்து அந்த அரக்கைக் கரைத்துவிட, தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்கி, மோட்டார் திக்குமுக்காடும். எண்ணெய் விஷயமோ இதைவிட அபாயமானது. பெட்ரோலுடன் கலந்த எண்ணெய்தான் இரண்டு வீச்சு மோட்டாருக்கு உயிர். அக்காலத்து மோட்டார்கள் பலவற்றிற்கு 24 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கும், அவற்றிற்கும் முந்திய சிலவற்றிற்கு 16-க்கு ஒரு பங்கும் விதிக்கப்பட்டது. புதிய மோட்டாரின் வழக்கத்தைப் பின்பற்றி 50-க்கு ஒன்றாகக் கலந்து ஓட்டுகிறவர், அதன் வெண்கலத் தாங்கிகளைத் தம் கையாலேயே தேய்க்கிறவராவார். இவற்றையெல்லாம் சரி செய்த பிறகு மோட்டார் காட்டும் வேகம், அரம் பிடித்துத் தேடிய வேகத்தைவிட அதிகமாயிருந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

அன்றியும், குற்றம் மோட்டாரினுடையதுதானா என்பதும் விசாரிக்கத்தக்கது. ஜலத்தைப் பிளந்து செல்லும் படகிற்கு அதன் நீளமே வேக வரம்பு. ஜலத்தைத் தொடும் பாகம் 16 அடியானால் மணிக்குச் சுமார் ஐந்தரைக் கடல் மைலுக்கு மேல் அது எளிதில் போகாது. சக்தியை இரட்டித்தாலும் பின்பாகம் அமிழ்ந்து பெரிய அலையை எழுப்புமேயொழிய ஓட்டம் அவ்வளவாக அதிகரியாது. ஜலத்தின் மேலெழுந்து வழுக்கிச் செல்லும் படகாயின் சங்கதி வேறு. அங்கும் சுழல்விசிறியின் முறுக்கு மிகையாயிருந்தால் மோட்டார் தனக்கு விதித்த சுற்றெண்ணிக்கையை எட்டாமல் திணறும். விசிறியை மாற்றுவது அரை மணி நேரத்து வேலை. வேண்டாமென்றால் பழையதையே மாட்டிக்கொள்ளலாம்.

மாற்ற முடியாத மாறுதல்களைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம். சிலிண்டரின் தலைமூடியைச் சீவி அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். புகை போகும் துவாரத்தை ராவி உயர்த்துகிறார்கள். துவாரத்தை உயர்த்தினால் மேல் சுற்றில் சக்தி கூடலாம். கீழ்ச் சுற்றில் இழுப்பு குறையும். அந்த மேல் சுற்றையோ பழைய தாங்கிகளும் தண்டுகளும் கனவிலும் எதிர்பார்த்ததில்லை. அழுத்தம் மிகுந்தால் உஷ்ணம் மிகுந்து பிஸ்டன் பொத்துப்போகவும் கூடும். சீவிய உலோகத்தை எந்தக் கொல்லனும் திரும்ப ஒட்டித் தர மாட்டான். வக்கீல் தொழிலிலே மூலப் பத்திரத்தில் சுரண்டித் திருத்தியவர்களை நாம் கண்டதுண்டு; திருத்திய வரி நன்மைக்கே ஆயினும், அந்தப் பத்திரம் அதன் பிறகு சாட்சி சொல்ல லாயக்கற்றதாகிவிடுகிறது.

ஏரியின் ஜலமும் இவ்வழக்கில் ஒரு கட்சிக்காரர். கார்புரேட்டர் வைத்த இரண்டு வீச்சு மோட்டார், குடிக்கும் பெட்ரோலில் சுமார் கால் பங்கை எரிக்காமலே வெளியே தள்ளிவிடும். இக்காரணத்தாலேயே டாஹோ ஏரியில் 1999-ல் இவ்வகை மோட்டார்களைத் தடை செய்தார்கள். துவாரத்தை ராவி உயர்த்தி, அதற்கேற்ற புகைக்குழாயைப் பொருத்தாமல் விடுகிறவர் அந்த நஷ்டத்தை இன்னும் பெருக்குகிறார். வேகம் அவருக்கு, எண்ணெய்ப் படலம் ஊராருக்கு.

“என் சொத்து, என் இஷ்டம்” என்பார்கள். ரோமானியச் சட்டம் சொத்துடையவனுக்கு உபயோகிக்கவும், பலனை அநுபவிக்கவும், தீர்த்துக்கட்டவுங்கூட உரிமை தந்தது மெய்தான். உரிமையில்லை என்று நாம் சொல்லவில்லை, உசிதமில்லை என்கிறோம். பந்தயக்காரர்கள் அக்காலத்திலேயே இவ்வாறு செய்யவில்லையா என்ற ஆட்சேபம் இதைவிட வலுவுள்ளது. செய்தார்கள். மெர்க்குரி கம்பெனியாரே 1950-களில் பந்தயத்திற்கென்று தனி மாதிரிகள் விற்றார்கள். ஆகையால் அக்காலத்துப் பந்தயக்காரன் ராவிய மோட்டார் ஒன்று இன்று கைக்கு அகப்பட்டால், ராவிய நிலையிலேயே அதைக் காப்பாற்ற வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். அந்த ராவலும் சரித்திரமே. நம் கடற்கரையில் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் மீனவரையும் இவ்வழக்கில் இழுக்க வேண்டியதில்லை. அவருக்கு மோட்டார் அன்றாடச் சோறு, காட்சிப் பொருளல்ல.

எந்த மாறுதலும் கூடாதென்பது நமது கட்சியல்ல. 1950-களில் வந்த மோட்டார்கள் பலவற்றில், பெட்ரோல் தொட்டிக்குள் காற்றழுத்தத்தை ஏற்றி, அதன் பலத்தால் பெட்ரோலை மோட்டாருக்குத் தள்ளும் ஏற்பாடு இருந்தது. வெடித்த ரப்பர்க் குழாய் ஒன்றிருந்தால் அது பெட்ரோலைப் படகில் பீய்ச்சிவிடும். அதை நீக்கிச் சிறு பம்பு ஒன்றையும் அழுத்தமில்லாத தொட்டியையும் வைப்பது உயிரைக் காக்கும் காரியம். புதிய கம்பிச்சுருள் போடலாம். தக்கை மிதவைக்குப் பதில் பெட்ரோலுக்குக் கரையாத மிதவை வைக்கலாம். கழற்றிய பழைய உறுப்புகளை மட்டும் எண்ணெய் தடவி, ஒரு பெட்டியில் வைத்து, இன்ன தேதியில் இன்னது மாற்றப்பட்டது என்று ஒரு சீட்டெழுதி உள்ளே போட்டு, அப்பெட்டியை மோட்டார் இருக்கும் கொட்டகையிலேயே வைத்திருக்க வேண்டும்.