தஞ்சைக் கட்டாரியில் சீமை இரும்பு

இரும்பு என்று பேச்செடுத்தாலே தமிழ்நாட்டில் இப்போது ஒரே கேள்விதான்: யார் முதலில்? சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் பழமை 5,300 ஆண்டு என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்த பிறகு, மேடைக்கு மேடை உலகத்துக்கே வாள் கொடுத்தவர்கள் நாம்தான். பெருமைப்பட இடமிருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகள் சொல்லும் கதை இந்தப் பெருமைக்குள் அடங்க மறுக்கிறது.

கட்டாரியைப் பிடிக்கும் விதமே தனி. மற்ற கத்திகளில் அலகு போகும் போக்கிலேயே பிடியும் நீளும். கட்டாரியில் பிடி குறுக்கே கிடக்கும். கையை முஷ்டியாக மடக்கிப் பிடித்தால் அலகு விரல் முட்டிகளுக்கு நேர் முன்னே நீட்டி நிற்கும். வெட்டுவதைவிடக் குத்துவதே அதன் வேலை; தோளிலிருந்து வரும் பலம் அப்படியே முனையில் போய் இறங்கும். சங்கிலிக் கவசத்தின் வளையங்களைப் பிளப்பதற்காகவே சில கட்டாரிகளின் முனையைத் தடிப்பாக அடித்தார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுத் தஞ்சைக் கட்டாரிகளில் புறங்கையை மூட ஒரு தகடும் உண்டு. வெறும் தகடாக விட்டுவிடக் கொல்லருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. கொடியும் இலையுமாகத் துளைத்து வேலை செய்திருக்கிறார். சிலவற்றின் ஓரத்தில் யாளி வாயைப் பிளந்துகொண்டிருக்கும், கோயில் தூணில் நாம் பார்த்துப் பழகிய அதே யாளி.

வேடிக்கை அலகில் இருக்கிறது. இந்தக் கட்டாரிகளில் பலவற்றின் அலகு ஐரோப்பாவில் அடித்தது. நீளமான சீமை வாள் ஒன்றின் துண்டை எடுத்து, பிடியிலிருந்து நீளும் இரும்புப் பட்டைகளுக்கு நடுவே செருகி, ஆணி அடித்து இறுக்கியிருக்கிறார்கள்.

சீமைச் சரக்கு வந்து சேர வழிக்குப் பஞ்சமில்லை. நாகப்பட்டினத்தில் 1658 வரை போர்ச்சுகீசியர், அதன் பிறகு டச்சுக்காரர். தரங்கம்பாடியில் 1620 முதல் டேனியர். அவர்களுக்கு இடம் கொடுத்ததே தஞ்சை ரகுநாத நாயக்கர்தான். ஐரோப்பிய அலகு பொருத்திய வாளுக்கு இந்தியாவில் ஃபிரங்கி என்றே பெயர் விழுந்தது. கிராக்கி ஏறியதும் உள்ளூர்க் கொல்லர்கள் சீமைப் பட்டறைகளின் முத்திரையைத் தங்கள் அலகிலேயே வெட்டினார்கள். பிராண்ட் மோசடி நேற்று முளைத்ததல்ல.

இத்தனைக்கும் அதே காலத்தில் தென்னிந்திய உருக்கு கப்பலேறிப் பாரசீகம் வரை போய்க்கொண்டிருந்தது. அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை 19ஆம் நூற்றாண்டில் ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் விவரித்திருக்கிறார். இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங் குச்சியையும் பச்சை எருக்கிலையையும் சிறு மண் மூசையில் வைத்து, களிமண்ணால் வாயை அடைத்து, உலையில் அடுக்கித் துருத்தி ஊதுவார்கள். குச்சியும் இலையும் கரியாகி இரும்பில் ஏறும். ஏறக்குறைய 1.5 முதல் 2 சதவீதம் கரி கலந்த அந்த உருக்கை விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1819இல் பகுத்துப் பார்த்தார். கொல்லர் வீட்டுப் பிள்ளையான அவரே அதன் குணத்துக்கு அலுமினியம்தான் காரணம் என்று தவறாகக் கணித்தார்.

இவ்வளவு நல்ல உருக்கை விற்றவர்கள் எதற்காகச் சீமை அலகை வாங்க வேண்டும்? கரி அதிகமுள்ள உருக்கில் கூர் நின்று பேசும், ஓங்கி அடித்தால் ஒடியும் ஆபத்தும் உண்டு. ஐரோப்பிய அலகு வளைந்து கொடுத்துப் பழையபடி நிமிரும். இரண்டின் குணமும் தெரிந்தவர்கள் வேலைக்கு ஏற்றதை எடுத்துக்கொண்டார்கள். இதில் தலைகுனிய என்ன இருக்கிறது? பிடியில் யாளியும் அலகில் சீமை இரும்புமாக இருக்கும் கட்டாரியை ‘கலப்படம்’ என்று ஒதுக்குபவர், அதைச் செய்தவரின் கெட்டிக்காரத்தனத்தையும் சேர்த்தே ஒதுக்குகிறார்.

நமக்குத் தலைகுனிவு தர வேண்டியது பிற்பாடு நடந்தது. 1855இல் தஞ்சையின் மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சையை எடுத்துக்கொண்டது. அரண்மனைச் சொத்தையும் விடவில்லை. அவருடைய ராணி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்தார். அது அரசின் செயல், நீதிமன்றம் தலையிட முடியாது என்று 1859இல் லண்டன் பிரிவி கவுன்சில் கைவிரித்தது. 1860களில் ஆயுதசாலை கலைக்கப்பட்டது. பொறுக்கியெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. மீதியில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாகத் தள்ளிவிட்டார்கள்.

தப்பியவை உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் தென்னிந்தியக் கட்டாரிகளை இணையத்தில் படம், நீளம், எடை, தந்தவர் பெயர் எல்லாவற்றோடும் எவரும் பார்க்கலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் தஞ்சை ஆயுதங்களுக்கும் ஒவ்வொன்றாக, தமிழில், அப்படி ஒரு பட்டியல் வேண்டும். அலகு எந்த நாட்டு உருக்கு, பிடி எந்தக் காலத்து வேலை, முத்திரை அசலா போலியா என்று உலோகவியலாளர்களை வைத்துச் சோதித்து எழுத வேண்டும். சிவகளை இரும்பின் காலத்தை அறிய ஆய்வுக்கூடங்களை நாடிய அரசுக்கு இது எட்டாத வேலையல்ல. ‘கத்தி, தஞ்சாவூர்’ என்கிற அளவில் ஒரு சீட்டை ஒட்டிவைத்தால், பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடிக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள்.