பூட்டிக்கொண்ட கிளச்

பேச்சிப்பாறை அணை 1906-ம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. அதில் தண்ணீர் திறக்கும் நாள் நாஞ்சில் நாட்டு உழவருக்குத் திருநாள். வழக்கமாக ஜூன் மாதத் தொடக்கத்தில் திறப்பார்கள். கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால், கன்னிப்பூவுக்கு வயலை உழுது மரமடிக்க ஒவ்வொரு நாளும் பொன்னான நாள்.

அந்த நேரத்தில்தான் கொட்டகையில் கிடந்த டிராக்டரை வெளியே எடுக்கிறார்கள். எஞ்சின் ஓடுகிறது. ஆனால் கிளச் பெடலை அடிமட்டம் வரை மிதித்தாலும் கியர் விழவில்லை. பற்கள் கரகரவென்று அரைபடுகின்றன. கிளச் பூட்டிக்கொண்டது!

காரணம் எளியது. எஞ்சினோடு சுழலும் கனத்த இரும்புச் சக்கரம் ஒருபுறம், அழுத்தும் இரும்புத் தட்டு மறுபுறம். நடுவே நெருக்குண்டு இருப்பது கிளச் தட்டு. கும்பப்பூ அறுவடைக்குப் பின் மாதக்கணக்கில் வண்டி அசையாமல் நின்றால், உள்ளே புகுந்த ஈரத்தால் இரும்பு துருப்பிடிக்கிறது. அந்தத் துரு கிளச் தட்டைப் பசை போலப் பிடித்துக்கொள்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்ற இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் குமரி. கடற்காற்றும் உண்டு. ஈரத்துக்குப் பஞ்சமில்லை. போதாததற்குச் சேற்று உழவில் கிளச் பெட்டிக்குள் தண்ணீர் புகுவதும் உண்டு.

இங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது. அவசரப்பட்ட சிலர் கியரைப் போட்டபடியே எஞ்சினைக் கிளப்புகிறார்கள். சிலர் தரையில் நின்றுகொண்டு, திருப்புளியை வைத்து ஸ்டார்ட்டரை இணைத்துவிடுகிறார்கள். கியரில் உள்ள வண்டி அந்தக் கணமே பாயும். நிற்பவர் பின்சக்கரத்தின் அடியில்! உலகின் பல நாடுகளில் உழவர்களைப் பலி கொண்ட செயல் இது. ஒருநாள் உழவுக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்கலாமா?

பூட்டை விடுவிக்கப் பொறுமையான வழி உண்டு. கியரை நியூட்ரலில் வைத்து, திறந்த வெளியில் எஞ்சினை அரைமணி நேரம் ஓட்ட வேண்டும். சூட்டில் ஈரம் உலரும். பிறகு எஞ்சினை நிறுத்தி, பெடலை முழுவதும் அழுத்தி, கட்டையால் முட்டுக்கொடுத்து ஓர் இரவு விட வேண்டும். பல வேளைகளில் மறுநாள் தட்டு விட்டிருக்கும்.

அதற்கும் மசியாவிட்டால், தேர்ந்த மெக்கானிக்கின் மேற்பார்வையில் மற்றொரு டிராக்டரால் மெல்ல இழுக்கலாம். சமதரை வேண்டும். எஞ்சின் ஓடக்கூடாது, டீசலும் அடைபட்டிருக்க வேண்டும். மேல் கியரில், பெடலை மிதித்தபடி ஓட்டுநர் ஒருவர் மட்டும் அமர வேண்டும். சங்கிலியின் அருகே எவரும் நிற்கக்கூடாது. இதுவும் பலிக்கவில்லையென்றால் வண்டியைப் பிரித்துத்தான் தீர வேண்டும். கிளச்சில் எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊற்றுவது கேடு. தட்டு அதைக் குடித்துவிட்டால், பின்னர் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

இத்தனை பாட்டுக்கும் மருந்து ஒரு துண்டு மரக்கட்டை! வண்டியை நிறுத்திவைக்கும் காலம் முழுவதும் கிளச் பெடலை அழுத்தியபடி கட்டையால் முட்டுக்கொடுத்தால் தட்டு ஒட்டாது. பல டிராக்டர்களில் கிளச் பெட்டியின் அடியில் வடிகால் துளை உண்டு. சேற்று உழவு முடிந்ததும் அதன் மூடியைக் கழற்றி நீரை வடிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டியைக் கிளப்பிச் சில கெஜ தூரமேனும் ஓட்ட வேண்டும்.

ஏர் மாடு வைத்திருந்த உழவர், வேலை இல்லாத நாளிலும் அதற்கு வைக்கோல் போட்டார்; குளிப்பாட்டினார். இரும்பு மாடு வாய் திறந்து கேட்பதில்லை. அதனாலேயே அதை மறந்துவிடுகிறார்கள்.

உழவர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையும் கூட்டுறவுச் சங்கங்களும் மே மாதத்திலேயே தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில் ஊர் ஊராக ஒருநாள் பராமரிப்பு முகாம் நடத்தலாம். பெரும் செலவில்லை. அணை திறக்கும் நாளில் வயலுக்குத் தண்ணீர் தயார். டிராக்டரும் தயாராக இருக்க வேண்டாமா?