டெண்டர் விட்டால் டாக்டர் வருவாரா?

செல்லிப்பட்டு, சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள கிராமம். அங்கிருந்து புதுச்சேரி நகரத்துக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும்.

அந்த ஊரில் ஒரு தாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொழுது சாய்ந்துவிட்டது. ஆறு வயது மகள் மூலையில் சுருண்டு கிடக்கிறாள். சோறு வேண்டாம் என்கிறாள். என்னவென்று கேட்டால் அழுகிறாள். கடைசியில், தெரிந்த ஒருவன் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டான் என்று தன் மழலையில் சொல்லிவிடுகிறாள்.

தாய்க்கு உலகமே சுற்றுகிறது. அடுத்த வீட்டுக்காரி வருகிறாள். "குழந்தையை நல்லா குளிப்பாட்டி, துணியைத் துவைச்சுப் போட்டுடு அக்கா. வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்" என்கிறாள்.

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டால் சாட்சியம் தண்ணீரோடு போய்விடும். குளிப்பாட்டக் கூடாது. போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உடம்பில் உள்ள தடயங்களை 96 மணி நேரம் வரை சேகரிக்க முயலலாம் என்று மத்திய சுகாதாரத் துறை 2014-ல் தந்த வழிமுறை சொல்கிறது. நேரம் ஆக ஆக, கிடைப்பது குறையும். தொற்று நோயைத் தடுக்கும் சில மருந்துகளுக்கும் 72 மணி நேரம்தான் கெடு.

சரி, தாய் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அங்கே பார்ப்பது யார்? இதுதான் இந்த வாரக் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தில் குறை இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி, குழந்தைகள் தினத்தன்று, அமுலுக்கு வந்தது. அதன் 27-வது பிரிவின்படி, போலீசில் வழக்கு பதிவாகாவிட்டாலும் குழந்தைக்கு மருத்துவப் பரிசோதனை செய்யலாம். பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். தாயோ தந்தையோ, குழந்தை நம்பும் வேறொருவரோ கூட இருக்க வேண்டும்.

2020-ம் ஆண்டு விதிகள் இன்னொரு படி மேலே போகின்றன. அவசர சிகிச்சை தேவைப்படும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் அது கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். "போலீஸ் கடிதம் எங்கே? கோர்ட்டு உத்தரவு எங்கே?" என்று எந்த ஆஸ்பத்திரியும் கேட்கக் கூடாது. தனியார் ஆஸ்பத்திரியும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் ஓர் ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

விஷயம் தெரிந்தவுடன் ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் தந்தாக வேண்டும் என்பதும் சட்டம். இதைக் கேட்டு தாய் பயப்பட வேண்டாம். குழந்தையின் பெயரையும் ஊரையும் வெளியிடுவது குற்றம்.

இவ்வளவு இருந்தும் என்ன குறை? சட்டம் டாக்டரை உண்டாக்கிவிடாது!

இது எல்லா டாக்டருக்கும் வரும் வேலை அல்ல. துன்பப்பட்ட குழந்தைகளில் மிகப் பலருக்கு உடம்பில் ஒரு கீறல்கூட இருக்காது. பழக்கமில்லாத டாக்டர் "காயம் ஒன்றும் இல்லை" என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுவார். கோர்ட்டில் எதிரியின் வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார். விஷயம் தெரிந்த டாக்டரோ, "காயம் இல்லாததால் குற்றம் நடக்கவில்லை என்று ஆகாது" என்பதையும், அதற்கான காரணத்தையும் சேர்த்து எழுதுவார். வழக்கின் தலையெழுத்தே அந்த வரியில் மாறும்.

இன்னொன்று. 'இரு விரல் சோதனை' என்று ஒரு பழைய முறை இருந்தது. அது பெண்ணின் மானத்தைக் குலைப்பது என்று சுப்ரீம் கோர்ட்டு 2013-ல் கண்டித்தது. 2022 அக்டோபரில் மீண்டும் ஒரு தீர்ப்பில், அதைச் செய்கிற டாக்டர் ஒழுங்கீனம் செய்தவர் ஆவார் என்று சொல்ல வேண்டி வந்தது. ஒன்பது ஆண்டு கழித்து அதே விஷயத்தை மறுபடி சொல்ல நேர்ந்தது ஏன்? பயிற்சி எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை என்பதுதான் பொருள்.

மும்பை காட்டிய வழி

அப்படியானால் உள்ளாட்சி மன்றம் ஒன்று, தன்னிடம் இல்லாத இந்தத் திறமையை வெளியிலிருந்து ஒப்பந்தம் போட்டு வாங்கலாமா? அமெரிக்காவில் அப்படி நடக்கிறது. அங்கே குழந்தைக் கொடுமைகளை ஆராயும் மருத்துவம் தனிப் படிப்பாகி, 2009-ல் முதன்முதலாகத் தேர்வு நடந்தது. அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் ஊரில் 1985-ல் பட் கிரேமர் என்ற அரசு வழக்கறிஞர் ஒரு நிலையம் தொடங்கினார். குழந்தை போலீஸ், டாக்டர், வக்கீல் என்று ஒவ்வொரு வாசலாக அலைந்து அதே கதையைச் சொல்லக் கூடாது. அவர்கள் எல்லோரும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு வரட்டும் என்றார்.

கடல் கடந்து போக வேண்டாம். மும்பையிலேயே உதாரணம் இருக்கிறது.

2000-ம் ஆண்டில் மும்பை மாநகராட்சியும் 'சேஹத்' என்ற ஆராய்ச்சி நிறுவனமும் கைகோத்தன. பாந்த்ராவில் உள்ள மாநகராட்சியின் பாபா ஆஸ்பத்திரிக்குள்ளேயே 'திலாசா' என்ற நிலையத்தைத் தொடங்கின. திலாசா என்றால் ஆறுதல். வீட்டில் அடி உதை பட்ட பெண்களுக்கு உதவத்தான் அது முதலில் ஏற்பட்டது. 2008-ல் மூன்று மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் பாலியல் கொடுமைக்கு ஆளானோரைப் பரிசோதிக்கும் முறையையும் சேஹத் வகுத்துக் கொடுத்தது. எப்படிப் பேசுவது, எப்படிச் சம்மதம் கேட்பது, என்ன எழுதுவது என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மாநகராட்சி வேலையை வெளியாருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. இடமும் ஊழியரும் மாநகராட்சியுடையவை. படிப்பும் பழக்கமும் சேஹத்துடையவை. சில ஆண்டுகளில் நிலையத்தை நடத்தும் பொறுப்பை மாநகராட்சியே ஏற்றுக்கொண்டது. பின்னர் வேறு ஆஸ்பத்திரிகளிலும் திலாசா வந்தது.

குப்பை அள்ளும் டெண்டரா இது?

ஒப்பந்தம் என்றதும் நம் அலுவலகங்களுக்கு நினைவு வருவது டெண்டர்தான். யார் குறைந்த விலை கேட்கிறாரோ அவருக்கு வேலை. சாலை போடவே அந்த முறை எப்படி உதவுகிறது என்பதை மழைக்காலத்தில் பார்க்கிறோம்! ராத்திரி இரண்டு மணிக்கு வந்து, ஆறு வயதுக் குழந்தையின் பயத்தைப் போக்கிப் பேசத் தெரிந்தவரைக் குறைந்த விலையை வைத்தா தேர்ந்தெடுப்பது? விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் தரும் முறைக்கு மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் இடம் கொடுத்திருக்கிறது. அப்போதும் தரத்துக்கு நூற்றுக்கு முப்பது மதிப்பெண்ணுக்கு மேல் இல்லை.

தலைக்கு இவ்வளவு என்று கூலி பேசுவதும் சரிவராது. தீயணைப்பு நிலையத்துக்கு எரிந்த வீடுகளை எண்ணியா சம்பளம் தருகிறோம்? விழித்துக் காத்திருப்பதற்குத் தருகிறோம். இதுவும் அப்படித்தான். மாதத்தில் ஒரு குழந்தைகூட வராமல் இருக்கலாம். அதற்காக டாக்டர் இல்லாமல் இருக்கக் கூடாது.

என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் வேறு. வழக்கு சில வேளை வருஷக் கணக்கில் நடக்கும். பரிசோதித்த டாக்டர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். அதற்குள் ஒப்பந்தம் முடிந்து அவர் வேறு ஊருக்குப் போயிருந்தால்? "ஒப்பந்தம் முடிந்த பிறகும் சாட்சி சொல்ல வர வேண்டும், பயணச் செலவு அரசாங்கத்துடையது, ஏடுகள் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும்" என்று முதல் நாளே எழுதி வைக்க வேண்டும்.

கைமாற்றத்தைப் பற்றி 1098 போன் சேவையும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1996-ல் மும்பையில் தொடங்கிய இந்த உதவி, பல ஆண்டுகள் தொண்டு நிறுவனங்களின் கையில் நாடு முழுவதும் நடந்தது. 2023-ல் அரசாங்கங்கள் அதைத் தம் கைக்கு எடுத்துக்கொண்டன. எண் அதேதான். ஆனால் ஓர் எண்ணை மாற்றாமல் வைப்பது சுலபம். அந்த முனையில் பழகிய குரலை மாற்றாமல் வைப்பது அத்தனை சுலபமா?

யார் கையெழுத்துப் போடுவது?

இப்போது செல்லிப்பட்டுக்குத் திரும்புவோம். புதுச்சேரி மாநிலத்தில் பத்து கொம்யூன் பஞ்சாயத்துகள் உண்டு. கிராமத்துக்கு அருகில் இருக்கும் ஆட்சிகளில் அதுவும் ஒன்று. ஆனால் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது. அப்புறம் 2006-ல்தான் நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. பிறகு ஆண்டுகள் பல போயும் தேர்தல் வரவில்லை. அதிகாரிகளே நிர்வாகம் பார்த்தார்கள். மருத்துவத் துறையோ கொம்யூனிடம் இல்லை. மாநில அரசாங்கத்திடம் இருக்கிறது.

ஆகவே கொம்யூன் தனியாக டாக்டரை அமர்த்துவது நடக்கிற காரியம் அல்ல. ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரி நகரத்தில் இருக்கிறது. மாநில சுகாதாரத் துறை அங்குள்ள நிபுணர்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டு, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் எந்த நேரத்திலும் போனில் கேட்கும்படி செய்யலாம். நர்சுகளுக்கு ஆண்டுதோறும் பயிற்சி தரலாம். கொம்யூன் செய்யக் கூடியது ஒன்று உண்டு. ராத்திரியில் தாயும் குழந்தையும் ஆஸ்பத்திரி போக ஒரு வண்டி. பஸ் நின்றுபோன பிறகு, அந்த ஏழு மணித் தாய்க்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.