கூப்பிட்டால் திரும்பாத நாய்

கால்நடை ஆய்வாளராக முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். நான் வேலை பார்த்த இடம் ஊர்க்காரர்களுக்கு மாட்டாஸ்பத்திரி. ஆனால் எங்கள் திருவேங்கடம் வட்டாரத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் அடுத்தபடி வாசலில் நிற்பது வேட்டை நாய்தான். அந்தப் பக்கம் ராஜபாளையம், இந்தப் பக்கம் சிப்பிப்பாறை. ஊர்ப் பேரே நாய்ப் பேராகிப்போன மண். குணம் பிறப்பில் வருவதா, வளர்ப்பில் வருவதா என்ற வழக்குக்கு எங்கள் டீக்கடையில் எப்போதோ தீர்ப்பு எழுதியாயிற்று: "ஜாதி நாய்ன்னா ஜாதி நாய்தான்." அந்தப் பேச்சு நாயோடு நின்றால் எனக்கு வம்பில்லை. டீ ஆறுவதற்குள் மனுஷப் பிள்ளைகள் மேல் ஏறிவிடுகிறது.

ரத்தத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை. ரெண்டு மாசச் சிப்பிப்பாறைக் குட்டி முன்னால் கரிசக்காட்டுக் காற்றில் ஒரு பாலித்தீன் பை உருண்டால் போதும். முதுகை வில்லாக வளைத்துப் பாய்ந்துவிடும். அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சைபீரியாவில் 1959இல் பெல்யாயேவ் என்ற விஞ்ஞானி பண்ணை நரிகளில் சாதுவானதாகப் பார்த்துப் பார்த்து இனம் சேர்த்தார். சில தலைமுறைகளிலேயே ஆளைக் கண்டால் வாலாட்டி நக்கும் குட்டிகள் பிறந்தன.

அதே சமயம், 2022இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையை விசாரித்து, ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவைப் படித்தார்கள். நாய்க்கு நாய் நடத்தையில் உள்ள வித்தியாசத்தில் இனம் சொல்லக்கூடியது ஏறக்குறைய 9 சதவீதம். எந்த நாய் சட்டென்று சீறும் என்பதற்கோ, இனத்தின் பேரை வைத்து அனேகமாக ஒன்றுமே சொல்ல முடியவில்லை.

எனக்கு இதைப் புரியவைத்தது ஆய்வல்ல, ஒரு ராஜபாளையம் நாய். எட்டு மாசம். பாலில் முக்கி எடுத்தாற்போல வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. கொண்டுவந்தவர் கையில் வேப்பங்கம்பு. "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கு சார். திமிரு. நேத்துப் படுத்துக் கெடந்ததத் தொட்டதுக்கு எம் மகன் கையக் கவ்விட்டு. இதோட அப்பனும் இப்படித்தானாம்." நாயின் விலாவில் கம்பு பட்ட தடம் வரிசையாக இருந்தது. நான் பின்னால் போய் ஒரு எவர்சில்வர் தட்டைச் சிமெண்டுத் தரையில் நழுவவிட்டேன். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. நாய் ஒரு காதைக்கூட அசைக்கவில்லை.

செவிடு. இந்த வெள்ளையில் இது உண்டு. உள்காதில் நிறமி தரும் செல்கள் இல்லாவிட்டால், பிறந்த சில வாரத்திலேயே ஒலியை வாங்கும் செல்கள் பட்டுப்போகும். அப்பனிடமிருந்து வந்தது உண்மைதான். வந்தது திமிர் அல்ல. நிறத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்தவர்கள் நாம். கேட்காத காதுக்கு உத்தரவு போட்டு, பணியவில்லை என்று அடித்தவர்களும் நாம்தான். கடி அதற்கப்புறம் வந்தது.

மனுஷர்கள் மேலும் சர்க்கார் ஒரு காலத்தில் இந்தக் கம்பை எடுத்தது. 1871இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பழங்குடியினர் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இன்ன சாதியில் பிறந்தவன் திருடன், கைரேகை வை என்றது. மறுத்த பெருங்காமநல்லூர்க்காரர்கள் மேல் 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கிச் சூடு. சட்டம் இங்கே 1947இல் ஒழிந்தது. டீக்கடையில் இன்னும் அமலில் இருக்கிறது.

இப்போது அதற்கு விஞ்ஞானச் சட்டை மாட்டுகிறார்கள். இரட்டையர் ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2015இல் வந்த கணக்கில், மனிதப் பண்புகளில் பாரம்பரியத்தின் பங்கு சராசரி 49 சதவீதம். உடனே ஒரு பையனைக் காட்டி, "பாதி அப்பன் ரத்தம்" என்கிறார்கள். அது ஒருவனைக் கூறுபோடும் கணக்கே இல்லை. ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றியது. சூழல் மாறினால் அந்த எண்ணும் மாறும். இதற்கு எதிர்க்கோடிக்காரர்களும் யோக்கியமில்லை. எல்லாம் வளர்ப்பு என்று சொல்லியே, ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தாய்மாரை 'பாசம் காட்டாதவள்' என்று ஒரு காலத்தில் டாக்டர்களே குற்றவாளி ஆக்கினார்கள்.

அக்கா மகளையும் அத்தை மகளையும் கட்டுகிற ஊர் எங்களுடையது. பிறவிச் செவிடு அதில் கூடும் என்பது தெரிந்த சங்கதி. கடைசிப் பெஞ்சில் 'அப்பனைப் போலவே மக்கு' என்று உட்கார்த்திவைத்த பிள்ளைக்கு, அந்த வார்த்தையைச் சொல்லுமுன் காதைச் சோதித்தவர் எத்தனை பேர்?

நாய்க்காரர் மறு வருஷம் வெறிநோய்த் தடுப்பூசிக்கு வந்தார். கம்பைக் காணோம். திண்ணையோரம் படுத்திருந்ததை நோக்கி, குதிகாலால் தரையை ரெண்டு தட்டுத் தட்டினார். எழுந்து வந்து அவர் முழங்காலில் தலையை வைத்தது.